விட்டுக்கொடுக்கும் பெயர்கள்

ஜிசிசி கம்பைலரின் மூலக்கோப்புகளோடு அதன் சோதனைகளும் சேர்ந்தே வருகின்றன. அந்தக் கட்டுக்குள் 'வீக்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. அதிலுள்ள முதல் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏ, பி, சி என்று பெயரிட்ட சில மாறிகள், சில ஃபங்ஷன்கள், அவ்வளவுதான். அது எந்தக் கணக்கையும் போடுவதில்லை, திரையில் எதையும் காட்டுவதில்லை. ஓடுவதற்காக எழுதப்பட்ட நிரலே அல்ல அது. கோப்பின் தலைமாட்டில் குறிப்புரைபோலச் சில வரிகள் இருக்கின்றன. இந்த நிரலை அசெம்பிளி மொழிக்கு மாற்றியபின் அதில் 'வீக்' என்ற சொல் வரவேண்டும், பின்னால் ஓர் இடைவெளி வரவேண்டும், அடுத்து ஓர் அடிக்கோடு வந்தாலும் வராவிட்டாலும் 'ஏ' என்ற பெயர் வரவேண்டும் என்கின்றன அந்த வரிகள். வந்தால் தேர்ச்சி, வராவிட்டால் தோல்வி.

'வந்தாலும் வராவிட்டாலும்' என்பதைச் சொல்ல அங்கே ஒரே ஒரு கேள்விக்குறிதான் போட்டிருக்கிறார்கள். அடிக்கோட்டை அடுத்து அது நிற்கிறது. பழைய யூனிக்ஸ் காலத்து சி கம்பைலர்கள் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துவிடும். அசெம்பிளியில் கையால் எழுதியவர்களின் பெயர்களோடு சி நிரலின் பெயர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. லினக்ஸ் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஆப்பிளின் மேக் கணினிகளில் அது இன்றும் இருக்கிறது. சோதனை இரண்டு இடத்திலும் ஓடவேண்டும். அதனால்தான் அந்தக் கேள்விக்குறி.

கம்பைலரை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், ஒரு நிரலை எழுது, ஓட்டு, விடை சரியா என்று பார் என்றுதான் எவரும் சொல்வார்கள். பெரும்பாலான சோதனைகள் அப்படித்தான் நடக்கின்றன. பெயர்களின் விஷயத்தில் மட்டும் அந்த வழி கைகொடுப்பதில்லை.

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். அதை எந்திர மொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் ஃபைலாக எழுதிவைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போகும்போது, முந்தையதைப் பற்றிய நினைவே அதற்கு இருக்காது. அப்படிக் குவிந்த நூறு ஃபைல்களையும் ஒரு நிரலாகக் கோப்பது லிங்க்கரின் வேலை. லிங்க்கருக்கு சி மொழியும் தெரியாது, சி++ மொழியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பெயர்ப்பட்டியல்தான். இந்த ஃபைலில் ஒரு பெயர் இருக்கிறது, அந்த ஃபைல் ஒரு பெயரைத் தேடுகிறது, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றென்றால் முடிச்சுப் போட்டுவிடும். கம்பைலர் தெரிந்துவைத்திருந்த எத்தனையோ விவரங்களில் லிங்க்கரின் கைக்குப் போய்ச்சேருவது பெயர் ஒன்றுதான். ஆகவே சொல்லவேண்டியதையெல்லாம் பெயருக்குள்ளேயே சொல்லியாக வேண்டும்.

ஒரே வகுப்பில் மூன்று முருகேசன்கள் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? எஸ்.முருகேசன், பி.முருகேசன், டி.முருகேசன் என்று தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவார். அதிலும் இருவர் ஒத்துப்போனால் ஊர்ப்பெயரின் எழுத்தும் முன்னால் வந்து உட்காரும். சி++ மொழியில் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டு முழு எண்களைக் கூட்ட ஓர் 'ஆட்', இரண்டு தசம எண்களைக் கூட்ட இன்னோர் 'ஆட்'. லிங்க்கருக்கோ இரண்டும் ஒன்றுதான். அங்கே கம்பைலர் செய்வதும் வாத்தியார் செய்வதைத்தான். அந்த ஃபங்ஷன் எந்த வகை மதிப்புகளை வாங்கிக்கொள்கிறதோ, அவற்றின் எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'நேம் மேங்க்ளிங்' என்று பெயர். மேங்க்ளிங் என்றால் நசுக்கிச் சிதைப்பது. இது பொருந்தாத சொல். இங்கே எதுவும் சிதைவதில்லை. ஒட்டிய பெயரை 'சி++ஃபில்ட்' என்ற சின்னக் கருவியிடம் கொடுத்தால் பழையபடி பிரித்துத் தந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் 'அலங்கரித்த பெயர்' என்று எழுதுகிறது. அதைவிட நம் 'இனிஷியல்' நெருக்கமான சொல்.

இது ஒரே நாளில் அமைந்ததல்ல. நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979-இல் தொடங்கிய மொழிக்கு 1983-இல் சி++ என்ற பெயர் வந்தது. 'சிஃப்ரன்ட்' என்ற அவருடைய கம்பைலர் சி++ நிரலை சி நிரலாக மாற்றித் தரும். மேற்கொண்டு நடக்கவேண்டியதை அந்தந்தக் கணினியின் சி கம்பைலரும் பழைய லிங்க்கரும் பார்த்துக்கொள்ளும். தொடக்கத்தில், ஒரு பெயரைப் பல ஃபங்ஷன்களுக்கு வைப்பதானால் 'ஓவர்லோட்' என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். முதலில் அறிவிக்கப்பட்டது வெறும் பெயரோடு நிற்கும். பின்னால் வருபவற்றுக்குத்தான் ஒட்டு. இரண்டு கோப்புகளில் அறிவிப்பின் வரிசை மாறிப்போனால் ஒரே ஃபங்ஷன் இரண்டு பெயரில் நிற்கும்.

1988-இல் ஸ்ட்ரூஸ்ட்ரூப் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு முடிவு கட்டியது. எல்லா ஃபங்ஷனுக்கும், ஒன்றே ஒன்று இருந்தாலும்கூட, ஒட்டு உண்டு என்று 1989-இல் வந்த சிஃப்ரன்ட் 2.0 விதியாக்கியது. ஒத்த பெயர்களைப் பிரித்தறிவது அதில் பாதிப் பயன்தான். மறுபாதி இன்னும் பெரியது. ஒரு கோப்பில் 'இந்த ஃபங்ஷன் முழு எண் வாங்கும்' என்று அறிவித்துவிட்டு, வேறொரு கோப்பில் அதே ஃபங்ஷனைத் தசம எண் வாங்குவதாக எழுதியிருந்தால், சி மொழியில் லிங்க்கர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கோத்துவிடும். ஓடும்போது குப்பைதான் விடையாக வரும். ஒட்டு இருந்தால் இரண்டு பெயரும் பொருந்தாது, லிங்க்கர் அங்கேயே நின்றுவிடும். லிங்க்கரில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதையே காவலுக்கு நிறுத்திய இந்த வேலையைக் கணினி உலகின் மிகச் சிக்கனமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக வைக்கவேண்டும்.

இன்று லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் பின்பற்றும் ஒட்டுமுறை இன்டெலின் ஐட்டேனியம் என்ற சில்லுக்காக வகுக்கப்பட்டது. அந்தச் சில்லின் விநியோகம் 2021 ஜூலை 29-ஆம் தேதியோடு நின்றுபோய்விட்டது. 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7 கெர்னலிலிருந்தும் அதற்கான பகுதியை எடுத்துவிட்டார்கள். பெயர்வைக்கும் முறை மட்டும் நிலைத்துவிட்டது. ஜிசிசி 2001-இல் தன் 3.0 பதிப்பிலிருந்து இதைப் பின்பற்றுகிறது.

இரண்டு முழு எண்களை வாங்கும் 'ஆட்' இந்த முறையில் _இசட்3ஆட்ஐஐ என்றாகும். அடிக்கோடும் இசட்டும் 'இது ஒட்டிய பெயர்' என்ற அடையாளம். 3 என்பது ஆங்கிலத்தில் 'ஆட்' என்ற பெயரின் எழுத்துக் கணக்கு. ஐ என்பது முழு எண், அது இரண்டு தடவை. தசம எண்ணானால் டி, எழுத்தானால் சி, சுட்டியானால் முன்னால் ஒரு பி. நீளத்தை முன்னாலேயே சொல்லிவிடுவதால் பெயர் எங்கே முடிந்து வகை எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் இல்லை.

பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு ௸ என்ற குறி தெரிந்திருக்கும். 'மேற்படி' என்று அர்த்தம். ஒருமுறை சொன்ன நிலத்தின் நான்கெல்லையையும் மறுபடி முழுக்க எழுதாமல் அந்த ஒரு குறியில் முடித்துவிடுவார்கள். பெயர் ஒட்டுவதிலும் இப்படி ஒரு மேற்படி இருக்கிறது. 'நோட்' என்ற வகையின் சுட்டிகள் இரண்டை வாங்கும் 'எஃப்' என்ற ஃபங்ஷனுக்கு _இசட்1எஃப்பி4நோட்எஸ்0_ என்று பெயர் வரும். இரண்டாவது சுட்டியை விரித்து எழுதவில்லை, எஸ்0_ என்ற குறியோடு விட்டுவிட்டது. வெறும் எஸ்_ என்றால் முதல் மேற்படி, அதாவது நோட். எஸ்0_ என்றால் இரண்டாவது மேற்படி, அதாவது நோட்டின் சுட்டி. நூற்றுக்கணக்கான எழுத்துகள் நீளும் பெயர்களில் எது மேற்படிக் கணக்கில் சேரும், எது சேராது என்று எண்ணுவது கம்பைலருக்கும் கடினமான வேலை. ஒன்றை விட்டுவிட்டால் அதன்பின் வரும் எண்களெல்லாம் தப்பாகிவிடும். ஜிசிசி 4.9-இல் திருத்தப்பட்ட பிழைகளில் ஒன்று அப்படிப்பட்ட மேற்படிப் பிழைதான்.

இனி, ஓட்டிப் பார்த்தால் ஏன் போதாது என்ற கேள்விக்கு வரலாம். ஒரு வீட்டில் எல்லோரும் பிள்ளையைத் தப்பான பெயரில் கூப்பிட்டாலும் பிள்ளை ஓடிவந்துவிடும். வீட்டுக்குள் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நாளில்தான் வினை வரும். கம்பைலரும் அப்படித்தான். பெயரைத் தப்பாக ஒட்டும் கம்பைலர் ஃபங்ஷனை எழுதும் இடத்திலும் அழைக்கும் இடத்திலும் ஒரே தப்பைத்தான் செய்யும். இரண்டும் பொருந்திவிடும். நிரல் ஓடும், விடையும் சரியாக வரும், சோதனை தேர்ச்சி என்று எழுதிவிடும். வேறொரு கம்பைலரில் உருவான நூலகமோ, அதே கம்பைலரின் பழைய பதிப்பில் உருவான நூலகமோ எதிரே வந்து நிற்கும்போதுதான் பெயர் தப்பு என்பது வெளியே தெரியும்.

அதனால்தான் இந்தச் சோதனைகள் நிரலை ஓட்டாமல் அசெம்பிளியை வாசிக்கின்றன. ஜிசிசியில் 'டெஜாக்னு' என்ற ஏற்பாடு அந்த வரிகளைத் தேடுகிறது. கிளாங் கம்பைலரின் சோதனைக் கோப்புகளில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பக்கத்திலேயே அதற்கு வரவேண்டிய பெயர் குறிப்புரையாக எழுதப்பட்டிருக்கும், 'ஃபைல்செக்' என்ற கருவி ஒப்பிட்டுச் சொல்லும். வரவேண்டிய பெயரைக் கம்பைலரிடமே கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது. விதிப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மனிதர் ஒருவர் எண்ணி எழுதவேண்டும். கம்பைலர் தந்ததை அப்படியே ஒட்டிவைத்தால் அது சோதனையாகாது. தவறும் ஆவணமாகிவிடும். ஜிசிசியில் இன்னொரு வகைச் சோதனையும் உண்டு. ஒரு பாதியை ஒரு கம்பைலரிலும் மறுபாதியை இன்னொரு கம்பைலரிலும் மாற்றி இரண்டையும் கோத்துப் பார்ப்பார்கள். சான்றிதழையும் ஆதாரையும் எதிரெதிரே வைப்பதென்றால் அதுதான்.

தவறான பெயர் ஒருமுறை வெளியே போய்விட்டால் அதைத் திருத்துவதும் எளிதல்ல. உலகம் முழுக்க நூலகங்கள் அந்தப் பெயரில் உருவாகிவிட்டிருக்கும். எனவே ஜிசிசி பெயர்வைக்கும் முறைக்கே பதிப்பு எண் கொடுத்திருக்கிறது. 2004-இல் 3.4-உடன் வந்த இரண்டாம் பதிப்பு முறையே 4.9 வரை இயல்பான முறையாக இருந்தது. தவறென்று தெரிந்த பெயர்களையும் அதுவரை சுமந்தார்கள். 0 என்ற எண்ணுக்கு மட்டும் தனி அர்த்தம் வைத்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்துக்கு எது மிக நெருக்கமோ அது. ஒவ்வொரு திருத்தத்தோடும் அது மாறும் என்று ஆவணமே சொல்லிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தக் காவலில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சாதாரண ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது என்பது ஐட்டேனிய முறைப் பெயரில் சேராது. மைக்ரோசாஃப்ட் முறையில் சேரும். பொதுவெளியில் நிற்கும் மாறிகளுக்கு ஐட்டேனிய முறையில் ஒட்டே கிடையாது. ஒரு கோப்பு முழு எண் என்று நினைக்கும் மாறியை இன்னொரு கோப்பு சுட்டி என்று நினைத்தாலும் லிங்க்கர் கோத்துவிடும்.

பெயர் பொருந்தாவிட்டால் லிங்க்கர் சத்தம் போடும் என்பதுதான் இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் அடிப்படை. அந்தச் சத்தத்தை அடக்கிவிடுகிறது 'வீக் சிம்பல்', அதாவது வீக் என்று குறித்த பெயர்.

ஒரே பெயரில் இரண்டு சாதாரண ஃபங்ஷன்கள் எதிர்ப்பட்டால் லிங்க்கர் பிழை என்று நிறுத்திவிடும். ஒன்றை 'வீக்' என்று குறித்திருந்தால் அது எழுந்து மற்றதற்கு இடம் விட்டுவிடும். வேறு யாரும் வரவில்லையென்றால் தானே வேலையைப் பார்க்கும். விட்டுக்கொடுக்கும் பெயர் என்று அதைச் சொல்லலாம். அழகான ஏற்பாடுதான். லினக்ஸ் கெர்னலில் பொதுவான ஃபங்ஷனை வீக் என்று எழுதிவைப்பார்கள். தனி ஏற்பாடு தேவைப்படும் எந்திரத்துக்கு மட்டும் வேறொன்றை எழுதினால் போதும். சி++ மொழியின் நினைவக ஒதுக்கியான 'ஆபரேட்டர் நியூ' ஜிசிசியின் நூலகத்தில் வீக்தான். தன்னுடையதை எழுதிக்கொள்பவருக்கு அது வழிவிடும்.

விட்டுக்கொடுக்கப்போகும் ஃபங்ஷனைப் பார்த்து கம்பைலர் அவசரப்படக் கூடாது. பக்கத்திலேயே உடல் இருக்கிறதே என்று அதை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் போட்டுவிட்டால், நாளை வேறொருவர் வந்து நின்றாலும் பயனில்லை. அழைப்பே காணாமல் போயிருக்கும். இந்த இடத்தில் கம்பைலர்கள் சறுக்கியதுண்டு. லினக்ஸ் கெர்னலின் மூலக்கோப்பு ஒன்றில், ஜிசிசி 4.1.0, 4.1.1 என்ற இரண்டு பதிப்புகளில் எது வந்தாலும் மேலே போகாமல் நிறுத்திவிடும் ஒரு வரி நெடுநாள் இருந்தது. உங்கள் கம்பைலர் வீக் என்ற குறிப்பைத் தப்பாக மாற்றுகிறது என்பதே அந்தப் பிழைச்செய்தியின் சாரம். சுற்றுவழி தேடாமல் இந்தக் கம்பைலரே வேண்டாம் என்று விலக்கிவிட்டார்கள். தவறு நடந்ததே தெரியாமல் போகும் இடத்தில் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஒட்டிய பெயரும் விட்டுக்கொடுக்கும் பெயரும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

ஒரு நிரலில் இரண்டு பேர் இரண்டு கோப்புகளை எழுதுகிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமல் இருவருமே 'நோட்' என்று ஒரு வகையை வைத்துக்கொள்கிறார்கள். முதலாமவருடையது 32 பைட், இரண்டாமவருடையது 16 பைட். இரண்டிலும் வகைக்குள்ளேயே ஒரு கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது. அதன் வேலை எல்லா இடத்தையும் பூஜ்யமாக்குவது. வகைக்குள் எழுதிய ஃபங்ஷனைக் கம்பைலர் வீக் என்று குறித்துத்தான் வைக்கும். ஒரே தலைப்புக் கோப்பு பத்து இடங்களில் சேர்க்கப்பட்டால் பத்துப் பிரதிகள் வரும், லிங்க்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக. இங்கே இரண்டு கன்ஸ்ட்ரக்டருக்கும் ஒரே ஒட்டிய பெயர், ஏனென்றால் வகையின் பெயர்தான் அதில் சேருமே தவிர வகையின் அளவு சேராது. இரண்டும் வீக். லிங்க்கர் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. இரண்டாமவரின் 16 பைட் இடத்தில் முதலாமவரின் கன்ஸ்ட்ரக்டர் 32 பைட் பூஜ்யத்தை எழுதுகிறது. பக்கத்தில் இருந்த மதிப்புகள் அழிந்துபோகின்றன. பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. லிங்க்கருக்கு ஃபைல்களைக் கொடுக்கும் வரிசையை மாற்றினால் நோய் மாறிவிடும். வேகத்துக்கான ஆப்டிமைசேஷனைப் போட்டால் கன்ஸ்ட்ரக்டர்கள் அவரவர் இடத்திலேயே விரிந்துகொள்ளும், நோய் மறைந்தே போகும். அதைத் தேடுபவர் வாரக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்து உண்டு. அவரவர் வகையைப் பெயரில்லாத நேம்ஸ்பேஸுக்குள் வைத்துவிட்டால் அது அந்தக் கோப்பை விட்டு வெளியே தெரியாது. 2015-இல் வந்த ஜிசிசி 5, எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்த்து மாற்றும் முறையில், இத்தகைய முரணைக் கண்டால் எச்சரிக்கவும் செய்கிறது.

இன்னொரு சந்திப்பு சின்னஞ்சிறு சில்லுகளில் நடக்கிறது. மின்மீட்டரிலும் சலவை எந்திரத்திலும் இருக்கும் கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளுக்கு நிரல் எழுதுபவர்கள் ஒரு தொடக்கக் கோப்போடுதான் வேலையை ஆரம்பிப்பார்கள். எந்த இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, வந்தால் எந்த ஃபங்ஷனுக்குப் போவது என்ற பட்டியல் அதில் இருக்கும். பட்டியலில் உள்ள பெயர்கள் எல்லாம் வீக். யாரும் எழுதிக்கொள்ளாத பெயர்கள் ஒரு பொதுவான ஃபங்ஷனுக்குப் போகும். அந்த ஃபங்ஷன் செய்வதெல்லாம் நின்ற இடத்திலேயே முடிவில்லாமல் சுற்றுவதுதான். அந்தப் பட்டியலில் 'சிஸ்டிக்_ஹேண்ட்லர்' என்று ஒரு பெயர் உண்டு. நேரம் எண்ணும் இன்டரப்ட் அது, வழக்கமாக மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும். நிரல் எழுதுபவர் அந்தப் பெயரில் தன் ஃபங்ஷனை எழுதுகிறார். வீக் வழிவிடுகிறது, எல்லாம் நன்றாக ஓடுகிறது.

பிறகு ஒருநாள், வகைகள் தேவைப்படுகின்றன என்று அந்தக் கோப்பை சி மொழியிலிருந்து சி++ மொழிக்கு மாற்றுகிறார். மாற்றியது கோப்புப் பெயரின் வால் மட்டும்தான். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. கம்பைலர் மாற்றுகிறது, லிங்க்கர் கோக்கிறது, பலகையில் ஏற்றி மின்சாரம் கொடுத்தால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஆப்ஜெக்ட் ஃபைல்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டும் 'என்எம்' என்ற கருவியை ஓட்டினால் இரண்டு வரிகள் தெரியும். ஒன்றில் டபிள்யூ என்ற எழுத்தும் பக்கத்தில் சிஸ்டிக்_ஹேண்ட்லர் என்ற பெயரும். டபிள்யூ என்றால் வீக். இன்னொன்றில் டி என்ற எழுத்தும் பக்கத்தில் _இசட்15சிஸ்டிக்_ஹேண்ட்லர்வி என்ற பெயரும். இரண்டாவதுதான் அவர் எழுதியது. சி++ அதற்கு இனிஷியல் போட்டுவிட்டது. ஆள் வந்துதான் இருக்கிறார். வேறு பெயரில் வந்திருக்கிறார். வழிவிட வேண்டிய அவசியமே வீக் பெயருக்கு ஏற்படவில்லை. முதல் மில்லிசெகண்டில் சில்லு அந்த முடிவில்லாத சுற்றுக்குள் போய்விட்டது. ஃபங்ஷனுக்கு முன்னால் 'எக்ஸ்டர்ன் சி' என்று சேர்த்து, இதற்கு இனிஷியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். ஒட்டும் முறை சரியாகத்தான் வேலை செய்தது, வீக்கும் சரியாகத்தான் வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

கூப்பிடும் பக்கத்திலும் வீக் உண்டு. 'இந்தப் பெயர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாதகமில்லை' என்று ஒரு ஃபைல் கேட்கலாம். இல்லாவிட்டால் முகவரி பூஜ்யமாகும், பூஜ்யமா என்று பார்த்துவிட்டு அழைப்பது நிரலின் பொறுப்பு. லினக்ஸில் சி++ நூலகம் த்ரெட் ஃபங்ஷன்களை நெடுங்காலம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்படிக் கேட்கும் பெயருக்காக ஓர் ஆர்க்கைவ் கட்டைப் பிரித்துத் தேடும் வழக்கம் லிங்க்கருக்கு இல்லை. முழுக்க ஸ்டேட்டிக்காகக் கோத்தபோது சில பெயர்கள் கிடைத்து, சில பூஜ்யமாக நின்று, நிரல்கள் பூஜ்ய முகவரிக்குத் தாவி விழுந்தன. கட்டை முழுவதுமாகச் சேர்த்துக்கொள் என்று லிங்க்கரிடம் சொல்வதுதான் பலர் கைக்கொண்ட வழி. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், த்ரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு சேர்த்துவிட்டது.

ஆகவே வீக் என்று ஒரு பெயரைக் குறிப்பவர் குறைந்தது இரண்டு சோதனைகளை எழுதவேண்டும். வருபவருக்கு வழிவிடுகிறதா என்பது ஒன்று. யாரும் வராதபோது அந்த நிரல் தாங்குகிறதா என்பது இன்னொன்று. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபைலாகக் கொடுத்தும் ஆர்க்கைவாகக் கொடுத்தும், வரிசையை மாற்றியும் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு.

தமிழில் பெயர்வைத்தால் என்னவாகும்? 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் தமிழ் எழுத்துகளை நேராகவே மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் பெயராக வைக்கலாம். இரண்டு முழு எண்களை வாங்கும் 'கூட்டு' என்ற ஃபங்ஷன் _இசட்18கூட்டுஐஐ என்று வரும். படிப்பவர் கண்ணுக்கு மூன்றெழுத்துச் சொல். யூனிகோடில் க, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று ஆறு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். அதனால் 18.

'கொடு' என்ற சொல்லில் கவனம் வேண்டும். அதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் நீளம் 12 பைட், இரண்டாவதில் 15. லிங்க்கருக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையில் எழுதிய 'கொடு'வை இன்னொருவர் வேறொரு விசைப்பலகையிலிருந்து அழைத்தால், கண்முன்னே இருக்கும் பெயரையே இல்லை என்று லிங்க்கர் சொல்லும். அழைக்கும் பக்கத்தில் அந்த 'கொடு' வீக் என்றும் குறிக்கப்பட்டிருந்தால் எதுவுமே சொல்லாது. சேர்த்தெழுதிய வடிவம்தான் செல்லும் என்று சி++23 தரம் விதித்திருக்கிறது. பிரிந்த வடிவத்தைக் கண்டால் ஜிசிசி எச்சரிக்கிறது.

தமிழில் நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஜிசிசி, கிளாங் இரண்டின் சோதனைக் கோப்புகளும் யாரும் பார்க்கலாம், யாரும் சேர்க்க முன்வரலாம் என்று திறந்தே கிடக்கின்றன. எதையும் வாங்காத 'கொடு' என்ற ஃபங்ஷனை ஒரு கோப்பில் சேர்த்தெழுதி, இன்னொரு கோப்பில் பிரித்தெழுதி அனுப்புங்கள். பிரித்தெழுதியதற்கு எச்சரிக்கை வரவேண்டும். சேர்த்தெழுதியதற்கு, அடிக்கோட்டுக்கும் இசட்டுக்கும் அடுத்து 12 வரவேண்டும்.